செக்-இன்: சோதனையோ, புகுபதிவோ?

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயில் திருவிழாவுக்கு கனடாவில இருந்து வந்த எங்கட மாமியைக் கூட்டிக்கொண்டு ஒரு விடுதிக்குப் போனனான், விடியப்புறம் அஞ்சரை இருக்கும், கொழும்பு பஸ்ஸால இறங்கின களைப்பு வேற. கவுண்டரில நிண்ட தம்பி "அம்மா, முதல்ல செக்-இன் பண்ணவேணும்" எண்டு சொன்னதுதான் தாமதம், மாமி தோளில கிடந்த ஹாண்ட்பாக்கை இறக்கி மேசையில வச்சு, சிப்பை இழுத்துத் திறந்து, உள்ள இருந்த குளிசைப் பெட்டி, கண்ணாடிக் கூடு, சின்னத் துவாய் எல்லாத்தையும் ஒண்டொண்டா வெளியில எடுத்து வைக்கத் தொடங்கீட்டா. தம்பிக்கு ஒண்டும் விளங்கேல்ல. எனக்கு விளங்கிச்சு. மாமி 1999இல ஊரை விட்டு வெளிக்கிட்டவ, அவவின்ர காதில செக் எண்டால் சண்டைக் காலத்து ஆமிச் செக் பொயின்ற்தான், ஐசியை, அதான் அடையாள அட்டையை, கையில பிடிச்சுக்கொண்டு சைக்கிளை உருட்டி லைனில நிண்ட காலம்தான்.

அண்டைக்கே இந்தச் சொல்லைப் பற்றி எழுதவேணும் எண்டு நினைச்சனான்.

செக் எண்ட சொல்லின்ர பிறப்பு சதுரங்கப் பலகையில. பாரசீகத்தில ஷா எண்டால் அரசன், அரசனுக்கு ஆபத்து வந்தால் "ஷா" எண்டு சொல்லி எதிராளியை எச்சரிக்கிறது, அது அரபுக்குப் போய் லத்தீனுக்குப் போய் பழைய பிரெஞ்சில எஸ்செக் ஆகி ஆங்கிலத்துக்கு வரேக்க செக் ஆச்சு. எங்கட பள்ளிக்கூடப் பிள்ளையள் செஸ் விளையாடேக்க கத்துற செக்கும் அதுதான், பாங்கில மாத்துற செக்கும் அந்த வழியில வந்ததுதான். அரசனை மறிக்கிறது எண்ட கருத்திலயிருந்து பொதுவா மறிக்கிறது, கட்டுப்படுத்திறது எண்டு விரிஞ்சு, பேந்து ஒரு கணக்கை இன்னொரு கணக்கோட ஒப்பிட்டுச் சரி பாக்கிறது, சரியெண்டால் பக்கத்தில ஒரு சரி அடையாளம் போடுறது எண்டு வந்து நிண்டிது. ஹோட்டல் செக்-இன்னில இருக்கிறது இந்தக் கடைசிக் கருத்துத்தான். இன்னார் வருவினம் எண்டு ஒரு பட்டியல் கிடக்கு, நீங்கள் வந்து நிண்டவுடன அதில உங்கட பேருக்கு நேர சரி போடீனம். பையைக் கிளறுறது இதில இல்லை.

ஆனா எங்கட சனத்துக்கு மற்றக் கருத்துத்தான் முதல்ல வரும், அதுக்கு அவையளைக் குறை சொல்லேலாது. கொழும்பில லொட்ஜ் எடுத்து நிண்டவையைக் கேட்டுப் பாருங்கோ, எந்த ஊர், எதுக்கு வந்தனீங்கள், எத்தினை நாள், பொலிஸ் பதிவு இருக்கோ எண்டு எத்தினை கேள்வி. 2007 ஜூன் 7 விடிய லொட்ஜுகளில நிண்ட நூற்றுக்கணக்கான தமிழாக்களை பொலிஸ்காரர் பஸ்ஸில ஏத்தி வவுனியாப் பக்கமும் கிழக்குப் பக்கமும் அனுப்பினவை, அடுத்த நாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. இதையெல்லாம் கண்ட ஆளுக்கு, றிஜிஸ்ரரில பேர் எழுதுங்கோ எண்டால் கை ஒருக்கா நடுங்கத்தான் செய்யும். அதாலதான் சொல்லுறன், செக்-இன்னைத் தமிழில "சோதனை" எண்டு ஆரும் எழுதாதேங்கோ, அது பிழையும்தான், நெஞ்சைக் குத்திற சொல்லும்தான். சோதனைச்சாவடி எண்ட சொல்லில இருக்கிற சாவடியையே பாருங்கோ, அது முதல் வழிப்போக்கர் வந்து தங்கிற கொட்டில், தங்கிற இடத்தின்ர பேரே மறிக்கிற இடத்துக்குப் போட்டுது.

ஹோட்டல் எண்ட சொல்லையும் ஒருக்கா பாப்பம். லத்தீனில ஹொஸ்பெஸ் எண்டால் விருந்தாளியும் அதுதான், விருந்து குடுக்கிற ஆளும் அதுதான், அதில இருந்துதான் ஹொஸ்பிற்றல், ஹொஸ்ரல், ஹோட்டல் மூண்டும் வந்தது. இப்ப எங்கட தமிழைப் பாருங்கோ, யாழ்ப்பாண ஆசுப்பத்திரியில வார்ட்டை விடுதி எண்டுதான் சொல்லுறது, பள்ளிக்கூட ஹொஸ்ரலும் விடுதி, ரூம் எடுத்துத் தங்கிற இடமும் விடுதி. அங்க ஒரு வேரில இருந்து மூண்டு, இஞ்ச ஒரே சொல் மூண்டுக்கும், எனக்கு இதைப் பாத்த நாள் பெரிய சந்தோசம். ஆனா ஒண்டு, எங்கட ஊரில ஹோட்டல் எண்டு போர்ட் போட்டிருந்தால் கனக்க இடத்தில அது சாப்பாட்டுக்கடைதான், உள்ள போய் ரூம் கேட்டால் கொத்து ரொட்டி வேணுமோ இடியப்பம் வேணுமோ எண்டுதான் திருப்பிக் கேப்பினம். தங்கிறதுக்கு விடுதி, லொட்ஜ், கெஸ்ட் ஹவுஸ் எண்டு கேளுங்கோ, வயசான ஆக்கள் வாடிவீடு எண்டுஞ் சொல்லுவினம்.

அதுக்கும் முந்தி மடம். மருதனார்மடம், ஆறுகால்மடம், ஓட்டுமடம் எண்டு இண்டைக்கும் பஸ்ஸில ரிக்கற் எடுக்கேக்க சொல்லுறமே, அதெல்லாம் வழிப்போக்கர் ஆறியிருந்த இடங்களை வச்சு வந்த பேர்தான். பருத்தித்துறையில தெருமூடி மடம் நேர பாத்தால் விளங்கும், தெருவுக்கு மேலாலயே கூரை, ரெண்டு பக்கமும் திண்ணை, கல்லுத் தூண், வெயிலுக்க வந்தவர் இருந்து இளைப்பாறிப்போட்டு எழும்பிப் போவார், பேர் எழுதத் தேவையில்லை. இன்னும் பழசுக்குப் போனால் குறள் 340இல துச்சில் எண்டொரு சொல் கிடக்கு, கொஞ்ச நாளைக்கு ஒதுங்கியிருக்கிற இடம் எண்டு அர்த்தம், அதுக்கு எதிரா நிரந்தரமா புகுந்து இருக்கிற வீட்டை புக்கில் எண்டு சொல்லியிருக்கு.

அந்தப் "புகு"வைத்தான் நான் பிடிக்கிறன். புது வீட்டுக்குப் போறதை நாங்கள் குடிபூரல் எண்டு சொல்லுறமே, அது குடிபுகுதல்தான் வாயில திரிஞ்சு வந்தது, அப்ப புகு எங்கட வீட்டுப் பேச்சிலயே உயிரோட கிடக்கு. ஆகவே செக்-இன்னுக்கு புகுபதிவு. உள்நுழைவு எண்டு சிலபேர் எழுதீனம், எனக்கு அது சரியாப் படேல்ல, ஏனெண்டால் ரூம் கூட்ட வாறவவும் உள்ள நுழையிறாதானே, பதிவு நடந்தால்தான் அது செக்-இன். தமிழ் விக்கிப்பீடியாவில லொகினுக்கு புகுபதிகை எண்டு வச்சிருக்கினம், அது கணினிக்கு இருக்கட்டும், விடுதிக்கு பதிவு எண்டே முடிப்பம். பலாலி விமான நிலையத்தில பிளேன் ஏறேக்க பொதி குடுத்து சீற்று எடுக்கிறதுக்கும் இதே சொல் பொருந்தும்.

முன்பதிவு வேற, புகுபதிவு வேற, ஆக்கள் கூடுதலா இடறுறது இதிலதான். புக்கிங் எண்டது உங்களுக்கு ஒரு ரூம் வச்சிருப்பம் எண்ட வாக்கு, காசு முழுக்கக் கட்டினாலும் அது வாக்குத்தான், திறப்பு கைக்கு வாறது புகுபதிவில. மாமி அண்டைக்கு "தம்பி, ரெண்டு மாசத்துக்கு முதலே முற்பணம் கட்டியாச்சு" எண்டு சொன்னவ, அவரும் பணிவாத்தான் சொன்னார், "ஓம் அம்மா, ஆனா ரூம் ரெண்டு மணிக்குத்தான்". கனக்க விடுதிகளில ரெண்டு மணிதான் கணக்கு, முதல் நாள் ஆக்கள் பதினொண்டு பன்ரெண்டுக்குத்தான் வெளிக்கிடுவினம், பேந்து பெட்சீற் மாத்திக் கழுவித் துடைக்கவேணும். இரவு பஸ்ஸில வாறவை விடிய வந்து இறங்குவினம், அவை முதல் நாள் இரவையும் சேத்து எடுக்கவேணும், இல்லாட்டி வெள்ளன ரூம் தருவியளோ எண்டு போன் பண்ணிக் கேட்டு வைக்கவேணும், இல்லாட்டி பையை கவுண்டரில வச்சிட்டு கோயிலுக்குப் போட்டு வரலாம். திருவிழா 25 நாளும் வெள்ளன ரூம் கிடைக்கும் எண்டு நம்பி வராதேங்கோ.

மேசையில நீங்கள் வைக்கவேண்டியது பை இல்லை, ஐசி. வெளிநாட்டுப் பாஸ்போட் எண்டால் பாஸ்போட், போட்டோக் கொப்பி மட்டும் காணாது எண்டு சொல்லுற இடங்களும் இருக்கு. பேர்தான் எங்கட ஆக்களுக்குப் பெரிய தலையிடி, ஐசியில தேப்பன்ர பேர் முன்னுக்கு, பாஸ்போட்டில பின்னுக்கு, புக் பண்ணின மகன் தன்ர பேரைப் போட்டிருப்பான், வந்து நிக்கிறது தாய். புக் பண்ணேக்கயே தங்கப்போற ஆளின்ர பேரை அட்டையில இருக்கிற மாதிரியே போடுங்கோ. உள்ளூராக்களுக்கு ஒரு றேட்டும் வெளிநாட்டுப் பாஸ்போட்டுக்கு இன்னொரு றேட்டும் வச்சிருக்கிற விடுதியளும் இருக்கு, அதை வந்து நிண்டு கேட்டு மனம் நோகிறதை விட முன்னமே கேட்டிருக்கலாம். பத்திரத்தில கையெழுத்து வைக்க முதல் எத்தினை இரவு, காலைச் சாப்பாடு சேத்தியோ, சேர்விஸ் சார்ஜ் வேறயோ எண்டதை வாசியுங்கோ. கிரெடிட் கார்ட்டில முற்பணம் மறிச்சு வச்சால் எவ்வளவு எண்டு கேளுங்கோ, அது திரும்பிவர சில நாள் எடுக்கும்.

செக்-அவுட்டுக்கு விடுபதிவு எண்டு சொல்லலாம். விடுதியும் விடு, விடுபதிவும் விடு, வீடும் அந்த விடுவில இருந்துதான். மாமி மூண்டாம் நாள் பதினொரு மணிக்கு திறப்பைக் குடுத்து, பில்லை வரி வரியா விரல் வச்சுப் பாத்து, முற்பணத்தைக் கழிச்சுப்போட்டு மிச்சத்தைக் கட்டினவ. இரவு பஸ் வரைக்கும் பெட்டியை கவுண்டருக்குப் பின்னால வச்சிருக்கிறன் எண்டு தம்பி சொன்னார், காசு கேக்கேல்ல.