இலிகிதர்

கிளிநொச்சியில் எங்கள் பெரியம்மா ஒருவர் றங்குப்பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்கும் பழைய நூலக அங்கத்துவ அட்டையை அண்மையில் பார்த்தேன். அடியில் ஒரு கையொப்பம், அதற்குக் கீழே ‘இலிகிதர்’ என்றிருந்தது. இது யாருடைய பெயர் என்று பேத்தி கேட்டாள். பெயரில்லை பிள்ளை, வேலை என்றேன்.

அலுவலகத்தில் எழுத்து வேலை பார்ப்பவர்தான் இலிகிதர், நாங்கள் பேச்சில் கிளாக்கர் என்போமே, அவர். வேர் வடமொழி. ‘லிக்’ என்றால் கீறுதல், அதிலிருந்து எழுதுதல். லகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது, அதனால் முன்னால் ஓர் இகரம் சேர்ந்தது. ஆனால் வடமொழியில் ‘லிகித’ என்றால் எழுதப்பட்டது, எழுதுபவர் ‘லேகக’. கடிதத்துக்குரிய பெயரை அதை எழுதியவருக்கு வைத்துவிட்டோம். கிளாக்கர் வந்த வழி வேறு. ஐரோப்பாவில் ஒரு காலம் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் பாதிரிமார்தான், அவர்களைக் குறித்த சொல்லே பிறகு கந்தோருக்குள், அதாவது அலுவலகத்துக்குள், வந்தது. ‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய்’ என்ற காலத்தில் அது எங்களுக்கும் வந்து சேர்ந்தது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? தமிழ்நாட்டில் எழுத்தர், எங்களிடம் எழுதுவினைஞர். நீளம் என்று பலர் இதை ஒதுக்குகிறார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. வினைஞர் மிகப் பழைய சொல். மணிமேகலையில் ‘மகத வினைஞர்’, ‘தண்டமிழ் வினைஞர்’ என்று கைத்தொழில் வல்லவர்களுக்கு வருகிறது. எழுத்தைக் கைத்தொழிலாகக் கொண்டவர் என்ற மரியாதை எழுத்தரில் இல்லை.

நூலகத்துக்கு இது இன்னும் பொருந்தும். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டில் நூல்களை இரவல் கொடுத்ததில் முளைத்தது, 1959இல் பெரிய கட்டடம் திறந்தார்கள், 1981இல் எரித்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அந்த எண்ணிக்கையை எல்லோரும் சொல்கிறோம். ஒவ்வொரு நூலுக்கும் இலக்கமிட்டு, ஏட்டில் பதிந்து, யார் கொண்டுபோனார் எப்போது திரும்பியது என்று குறித்து வைத்த கைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எரிந்ததில் அவர்களுடைய எழுத்தும் உண்டு.

இப்போது அரசாங்கப் பதவிப்பெயர் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர். அதில் எழுத்து என்ற சொல்லே இல்லை. சம்பளப் பட்டியலில் அது இருக்கட்டும், நான் நூலக எழுதுவினைஞர் என்றுதான் எழுதுகிறேன்.