மைக் இல்லாத வாக்கத்தான்

பிப்ரவரி பிறந்தாலே இந்த மாதிரி போன் வரத் தொடங்கிவிடும். "மிஸ், ஏப்ரல் 2 ஆட்டிசம் டே வருதில்ல, பீச் ரோட்டுல ஒரு வாக்கத்தான் பண்ணலாம்னு இருக்கோம். நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசணும்."

நான் புதுச்சேரியில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். ஆட்டிசம் போன்ற மூளை வளர்ச்சி வேறுபாடு உள்ள பிள்ளைகளை அன்றாட வேலைகளுக்குப் பழக்குவது என் வேலை. பிள்ளைகளுக்கு ஓ.டி. மிஸ். அந்த வருடம் போன் செய்தவர்கள் நல்ல பிள்ளைகள். கல்லூரி மாணவர்கள், வேலைக்குப் போகிறவர்கள் சிலர், இரண்டு அம்மாக்கள். திட்டம் தயாராக இருந்தது: 500 பேர், 3 கிலோமீட்டர், முன்னால் பேண்டு வாத்தியம், நீல பலூன், சிறப்பு விருந்தினர், மேடை.

"ஆட்டிசம் உள்ளவங்க எத்தனை பேர் நடக்கிறாங்க?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவங்க மேடையில டான்ஸ் ஆடுவாங்க மிஸ்" என்றார் ஒருவர்.

நான் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் வேறொரு ஊரில் இதே போன்ற ஒரு நடைக்கு, என்னிடம் தெரபிக்கு வந்துகொண்டிருந்த 7 வயதுப் பையனை நானே வற்புறுத்தி அழைத்துப் போனேன். விருந்தினர் வர ஐம்பது நிமிடம் தாமதம். அதுவரை அவன் சமாளித்தான். சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு. பேண்டு தொடங்கிய அந்த நொடியில் காதைப் பொத்திக்கொண்டு தார் ரோட்டில் உட்கார்ந்தவன், பிறகு தலையைத் தரையில் முட்டத் தொடங்கினான். சுற்றிலும் கூட்டம். யாரோ ஒருவர் அவன் தோளைப் பிடித்து உலுக்கி "என்னாச்சு கண்ணா, இங்க பாரு" என்கிறார். அம்மா அவனைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் தெரபிக்கு வந்தபோது, "பேப்பர்ல போட்டிருந்தாங்க மிஸ், பார்த்தேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்தப் படத்தில் நீலத் தொப்பி போட்ட மாணவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவனை அழைத்துப் போனது என் தப்பு. பேண்டு இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

புலன்கள் விஷயத்தை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான் வருகிறது. நீங்கள் டீக்கடையில் நண்பரோடு பேசும்போது பாய்லர் சத்தம், பஸ் ஹாரன், பக்கத்து மேசை அரட்டை எல்லாம் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கின்றன. நண்பரின் குரலை முன்னே வைத்து, மீதியை மூளை பின்னே தள்ளிவிடுகிறது. ஆட்டிசம் உள்ள பலருக்கு இந்தத் தள்ளுகிற வேலை சரியாக நடப்பதில்லை. எல்லாச் சத்தமும் ஒரே வரிசையில் வந்து நிற்கும். வெளிச்சம், வாசனை, தொடுதல் எல்லாவற்றிலும் இந்தச் சிக்கல் வரலாம். சிலருக்கு நேர்மாறாக உணர்வு மந்தமாக இருக்கும். அவர்கள் சுற்றுவார்கள், குதிப்பார்கள், எதையாவது தேடித் தேடித் தொடுவார்கள். ஒரே பிள்ளைக்கு இரண்டும் இருக்கலாம். பெற்றோர்களும் எங்களைப் போன்றவர்களும் நெடுங்காலமாகப் பார்த்துவந்த இந்த விஷயம், நோயறிதலுக்கான டி.எஸ்.எம். கையேட்டில் 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் ஆட்டிசத்துக்கான அளவுகோல்களில் ஒன்றாக இடம்பிடித்தது.

ஆக, பேண்டு போயிற்று. பலூனும் போயிற்று, அது எப்போது வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது, அந்தத் தெரியாமையே சில பிள்ளைகளுக்குப் பெரிய பயம். மைக் கிடையாது. சிறப்பு விருந்தினர் கிடையாது என்றபோதுதான் குழுவில் முணுமுணுப்பு எழுந்தது. "விஐபி இல்லன்னா பிரஸ் வராது மிஸ்." வராவிட்டால் பரவாயில்லை என்றேன். இதை ஒத்துக்கொள்ள அவர்களுக்கு இரண்டு கூட்டம் பிடித்தது.

நேரம் எங்களுக்குத் தானாகவே அமைந்தது. பீச் ரோட்டில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டிகள் வராது. ஏப்ரலில் 6 மணிக்கெல்லாம் சூரியன் வந்துவிடும், 8 மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று அடிக்கும். அதனால் 6.15க்குத் தொடங்கி 7.15க்கு முடிப்பது. தூரம், தெற்கு முனையில் டூப்ளே சிலையிலிருந்து காந்தி சிலை வரை. முக்கால் கிலோமீட்டருக்கு முன்னே பின்னே இருக்கும். அதையும் முழுசாக நடக்கவேண்டும் என்று கட்டாயமில்லை.

இடம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. கடல். நம் பீச் ரோட்டில் மணல் அதிகமில்லை. பாறாங்கற்கள்தான், அவற்றில் அலை வந்து மோதும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலரைத் தண்ணீர் இழுக்கும். சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிடுவதும் சாதாரணமாகப் பார்க்கிற ஒன்று. அமெரிக்காவில் 2012இல் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், தங்கள் பிள்ளை 4 வயதுக்கு மேல் ஒரு தடவையாவது அப்படி ஓட முயன்றதாகச் சொல்லியிருந்தார்கள். காணாமல் போகும் இந்தப் பிள்ளைகளுக்கு நேரும் மரணங்களில் நீரில் மூழ்குவது முக்கியமான காரணம். வேறு இடம் பார்க்கலாமா என்றுகூட யோசித்தோம். ஒரு அம்மாதான் "கடல் பார்க்கத்தான் மிஸ் அவன் வருவான்" என்றார். சரி, கடலோரமாகவே இடைவெளி விட்டுத் தன்னார்வலர்களை நிறுத்துவது என்று முடிவானது. அவர்களுக்கு ஒரே ஒரு விதி: கடலுக்கு முதுகு, ரோட்டுக்கு முகம். சூரிய உதயத்தை செல்ஃபி எடுப்பதெல்லாம் இன்னொரு நாள்.

பேனரில் என்ன எழுதுவது என்பதில் ஒரு மாலை முழுக்கப் போனது. தமிழில் எழுதவேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எந்தத் தமிழ்? 'மன இறுக்கம்' என்கிறார்கள், 'மதியிறுக்கம்' என்கிறார்கள். அரசுக் கடிதங்களில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்றும் பார்க்கலாம். எனக்கு மூன்றும் உடன்பாடில்லை. மின்விசிறி சுற்றும் வேகம் கொஞ்சம் மாறினாலும் கண்டுபிடிக்கிற பிள்ளையைப் புற உலகச் சிந்தனை இல்லாதவன் என்று எப்படிச் சொல்வது? மன இறுக்கம் என்றால் கேட்பவர் டென்ஷன் என்று நினைத்துக்கொள்கிறார். கடைசியில் 'ஆட்டிசம்' என்றே எழுதினோம். 'பாதிக்கப்பட்ட' என்ற சொல்லை எடுத்துவிட்டோம். தமிழ்ப் பற்றாளர்கள் மன்னிக்கவும்.

பேனரில் ஒரு புதிர்த் துண்டுப் படமும் வரைந்திருந்தார்கள். 1963இல் இங்கிலாந்தில் ஒரு பெற்றோர் அமைப்பு தொடங்கிவைத்த சின்னம் அது. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலருக்கு இது பிடிப்பதில்லை என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அதற்குத் தேவையே இல்லாமல் போனது. கூட்டத்துக்கு வந்திருந்த 22 வயது இளைஞர் ஒருவர், அவருக்கும் ஆட்டிசம், படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு துண்டு இல்ல. அது எங்க?" என்று கேட்டார். டிசைன் செய்த பெண் சிரித்தார். அந்த இளைஞர் சிரிக்கவில்லை. "அது எங்க?" என்று மறுபடியும் கேட்டார், மூன்றாவது முறையும் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. படத்தை எடுத்துவிட்டோம்.

தன்னார்வலர்களுக்கு முந்தைய சனிக்கிழமை இரண்டு மணி நேரப் பயிற்சி. ஸ்லைடு போட்டு விளக்கினால் தூங்கிவிடுவார்கள் என்று வேறொன்று செய்தேன். மூன்று போனில் மூன்று வீடியோவை ஒரே நேரத்தில் சத்தமாக ஓடவிட்டு, கழுத்துக்குப் பின்னால் தேங்காய் நாரை ஒட்டி, இடது கையால் தங்கள் வீட்டு முகவரியை எழுதச் சொன்னேன். இடையிடையே நான் அருகில் போய் "எழுதிட்டியா? ஏன் இன்னும் எழுதல? என்னைப் பாரு" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். நாலாவது நிமிடத்தில் ஒரு மாணவி பேனாவை வைத்துவிட்டு "மிஸ், ப்ளீஸ் ஆஃப் பண்ணுங்க" என்றாள். குரல் உடைந்திருந்தது. ஆட்டிசம் இப்படித்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. நாலு நிமிடத்தில் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் இருந்தது என்பதை மட்டும் சொன்னேன்.

அப்புறம் சொன்னதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். ஒரு கேள்வி கேட்டால் மனசுக்குள் பத்து எண்ணும்வரை அடுத்த கேள்வி கேட்காதீர்கள். முகத்தைப் பார்க்காவிட்டால் கேட்கவில்லை என்று அர்த்தமில்லை. பின்னாலிருந்து தொடாதீர்கள், கன்னத்தைக் கிள்ளாதீர்கள். பேசாத பிள்ளைக்கு முன்னால் அவனைப் பற்றிப் பேசாதீர்கள், அவனுக்குப் புரியும். மெல்ட்டவுன் வந்தால் அது அடம் இல்லை. அடம் பிடிக்கிற பிள்ளை நீங்கள் பார்க்கிறீர்களா என்று ஓரக்கண்ணால் கவனிக்கும், இது எல்லை மீறி நிரம்பி வழிவது. அந்த நேரத்தில் சத்தத்தைக் குறைக்கவேண்டும், ஆட்களைக் குறைக்கவேண்டும், வார்த்தைகளைக் குறைக்கவேண்டும். நாலு பேர் அவனுக்கு முதுகு காட்டி நின்று மறைப்புக் கட்டுங்கள். போன் பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.

குடும்பங்களுக்கு ஒரு வாரம் முன்பே வாட்ஸப்பில் எட்டுப் படங்கள் அனுப்பினோம். ஆட்டோ நிற்கும் இடம், சிலை, கழிப்பறை, தனியாக ஓய்வெடுக்கப் போட்டிருக்கும் சின்னக் கூடாரம், சிவப்புத் தொப்பி போலீஸ், நடை முடியும் இடம், சாப்பாடு, கடைசிப் படம் வீடு. எப்போது முடியும் என்று தெரிந்தால் நிறைய பிள்ளைகள் நிறையவே தாங்குவார்கள்.

அன்று 500 பேர் வரவில்லை, 140 பேர்தான். அதில் ஆட்டிசம் உள்ளவர்கள் 38 பேர். பதினோரு பேர் பாதியில் திரும்பினார்கள். இரண்டு பிள்ளைகள் ஆட்டோவை விட்டு இறங்கவே இல்லை. ஆட்டோக்காரர் அண்ணன் தடுப்புக்கு அருகே வண்டியைக் கடல் பார்க்கத் திருப்பி நிறுத்திவிட்டு, வெளியே போய் நின்றுகொண்டார். அவர்களையும் வந்த கணக்கில்தான் சேர்த்தேன்.

டி-ஷர்ட் லேபிளை வெட்டத் தயாராகக் கத்தரிக்கோல் வைத்திருந்தோம், நன்றாகவே உதவியது. ஒரு பையன் போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். அவர் என்னைப் பார்த்தார், நான் தலையசைத்தேன். குனிந்தார். ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு நடந்தான்.

தினமும் அங்கே நடக்க வருகிற பெரியவர் ஒருவர் என்னை நிறுத்தி, "தடுப்பூசியாலதாம்மா இது வருதாம், பேரனுக்குப் போடலாமா?" என்று கேட்டார். கட்டாயம் போடுங்கள் ஐயா என்றேன். 1998இல் லண்டனில் 12 பிள்ளைகளை மட்டும் வைத்து ஒரு மருத்துவர் எழுதிய கட்டுரை கிளப்பிய பயம் அது. அந்தக் கட்டுரையை 2010இல் பத்திரிகையே திரும்பப் பெற்றுக்கொண்டது. அவர் மருத்துவர் பதிவும் பறிபோனது. எத்தனையோ நாடுகளில் லட்சக்கணக்கான பிள்ளைகளை வைத்துப் பார்த்தும் தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை. அந்தப் பெரியவரின் பேரனுக்கு ஒன்றரை வயது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, காக்காயைப் பார்த்தால் உங்களுக்குக் காட்ட விரல் நீட்டுகிறானா, பேசிக்கொண்டிருந்த வார்த்தை எதுவும் நின்றுபோனதா என்று கேட்டேன். இதில் சந்தேகம் வந்தால் 'ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்' என்று காத்திருக்கவேண்டாம், குழந்தைகள் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள் என்றேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம். எந்தத் தெருவிலும் ஒரு வீடாவது இருக்கும்.

கொடுத்த துண்டுச்சீட்டிலும் கோஷம் கிடையாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு (யுடிஐடி) விண்ணப்பிக்கலாம். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு வருடம் ஒரு லட்சம் ரூபாய் வரை, வெளிநோயாளி சிகிச்சைக்கும் தெரபிக்கும்கூட உண்டு. இது தெரியாத பெற்றோர் எத்தனை பேர் என்பது அவர்கள் என் மேசைக்கு எதிரே வந்து உட்காரும்போது எனக்குத் தெரியும்.

சாப்பாட்டில்தான் கோட்டை விட்டோம். படத்தில் இட்லி. காலையில் வந்தது பொங்கல். சமையல்காரர் மாற்றிவிட்டார், நாங்களும் அதனால் என்ன என்று இருந்துவிட்டோம். ஒன்பது வயதுப் பையன், முழுத் தூரமும் நடந்தவன், அம்மாவின் போனில் அந்தப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு பொங்கல் தட்டு முன் நின்றான். போனைக் காட்டினான். தட்டைக் காட்டினான். உதடு நடுங்கத் தொடங்கியது. என்னிடம் பயிற்சியில் "ஆஃப் பண்ணுங்க" என்று சொன்ன அந்த மாணவி, எதுவும் பேசாமல் தடுப்பைத் தாண்டி ஓடினாள். பத்து நிமிடத்தில் நாலு இட்லியோடு வந்தாள். அதற்குள் மணி 7.30, போலீஸ்காரர்கள் தடுப்பை நகர்த்த, முதல் ஸ்கூட்டர் உள்ளே வந்தது. அவன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, சட்னி தொடாமல், நாலையும் சாப்பிட்டான்.

பிரஸ் வரவில்லை. இந்த வருடம் ஜனவரி கடைசியிலேயே போன் வந்துவிட்டது, அதே மாணவிதான். "மிஸ், போலீஸ் பர்மிஷனுக்கு எழுதிக் கொடுத்துட்டோம். இட்லியா பொங்கலான்னு இப்பவே முடிவு பண்ணிடலாம். போட்டோ எடுக்கணும்ல."