ஆல்பம் என்றால் எத்தனை பாட்டு?

"அண்ணா, நம்ம ஆல்பம் வந்திருக்கு, கேட்டுட்டுச் சொல்லுங்க" என்று தெரிந்த தம்பி ஒருவர் இணைப்பு அனுப்பினார். திறந்தால் நாலு நிமிஷப் பாட்டு ஒன்று. மற்ற பாட்டுகள் எங்கே என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. மாதாமாதம் வரும் புது ஆல்பங்களைக் கேட்டு நாலு வரி எழுத உட்காருபவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். தமிழில் 'ஆல்பம் பாட்டு' என்றால் சினிமாவில் வராத பாட்டு. எண்ணிக்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சொல் பிறந்த இடத்தில் பாட்டே கிடையாது. லத்தீனில் 'அல்புஸ்' என்றால் வெள்ளை. பழைய ரோமில் வெள்ளை பூசிய பலகையில் அரசாணைகளையும் பெயர்ப் பட்டியல்களையும் எழுதி ஊர் பார்க்க வைத்தார்கள். அந்தப் பலகை ஆல்பம். 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பல்கலைக்கழக மாணவர்கள் நண்பர்களிடமும் ஆசிரியர்களிடமும் கையெழுத்து வாங்கிய வெற்றேட்டுக்கு அந்தப் பெயர் போனது. நம் பள்ளிக்கூடக் கடைசி நாள் ஆட்டோகிராஃபுக்குப் பாட்டன். பிறகு தபால்தலை ஒட்டினார்கள், புகைப்படம் செருகினார்கள்.

இசைக்கு அது வந்தது இடப் பற்றாக்குறையால். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் 10 அங்குல இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம்தான் அடங்கும். நீளமான சிம்பொனிக்குப் பல தட்டுகள் வேண்டும். தட்டுகளின் உறைகளைப் பக்கங்களாகத் தைத்து, கெட்டி அட்டை போட்டு, புகைப்பட ஆல்பம் மாதிரியே விற்றார்கள். 1948இல் கொலம்பியா நிறுவனம் பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் ஓடும் எல்.பி. தட்டைக் கொண்டுவந்ததும் அந்த ஏட்டுக்கு வேலை போனது. பெயர் மட்டும் தட்டில் ஒட்டிக்கொண்டது.

நமக்கோ பாட்டின் முகவரி படம். 'அந்தப் படத்துப் பாட்டு' என்றால் போதும். படமில்லாமல் பிறந்த பாட்டுக்குத்தான் வேறு பெயர் தேவைப்பட்டது, ஆல்பம் என்ற சொல் கைக்கு எட்டியது. ஆக, தம்பி தப்பாகச் சொல்லவில்லை. நம் ஊர் வழக்கில் 'இண்டி' என்பதன் பாதிப் பொருளை ஆல்பமே சுமக்கிறது.

இண்டி என்பது 'இண்டிபென்டன்ட்' என்பதன் சுருக்கம். அதன் கணக்கு வேறு. 1977 ஜனவரியில் மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் இசைக்குழு கடன் வாங்கி, 4 பாட்டு உள்ள தட்டைத் தாங்களே அச்சிட்டு வெளியிட்டது. முதலில் 1000 பிரதிகள். 1980இல் பிரிட்டனில் இண்டி தட்டுகளுக்கெனத் தனி விற்பனைப் பட்டியல் வந்தபோது, இசை எப்படி ஒலிக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. பெரிய நிறுவனங்களின் வழியாக அல்லாமல் கடைக்கு வந்ததா என்றுதான் பார்த்தார்கள். பின்னாளில் அதுவே ஒருவகைக் கிட்டார் இசைக்குப் பெயராகிப்போனது தனிக்கதை.

தமிழில் இதை என்ன சொல்வது? 'சுதந்திர இசை' என்றால் ஆகஸ்ட் 15 காலையில் கேட்பது போலிருக்கிறது. 'சுயாதீன இசை' பரவாயில்லை. சுயாதீன ஊடகவியலாளர் என்று சொல்லிப் பழகிய ஈழத்துக் காதுக்கு உறுத்தாது. 'தனியிசை' ஓரளவு புழங்குகிறது. 'தனி' என்றதும் கச்சேரி ரசிகருக்கு மிருதங்கத் தனியாவர்த்தனம் நினைவுக்கு வந்தால் வரட்டும். ஆனால் பெரிய நிறுவனம் பணம் போட்ட, படத்தில் வராத பாட்டையும் இங்கே இண்டி என்கிறார்கள். அதற்குத் தனியிசை பொருந்தும். கைக்காசு போட்டு, உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொள்பவரின் பாட்டுக்குத் 'தற்சார்பு இசை' என்பதே என் தேர்வு.

இனி ஆல்பம். 'இசைத்தொகுப்பு' என்றே பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அது நிறைவாக இல்லை. தொகை என்பது பலர் பாடியதைப் பிறகு இன்னொருவர் சேர்ப்பது. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. இன்றைய பேச்சில் சொன்னால் பாண்டியனே லேபிள், அதாவது பாட்டை வெளியிடும் நிறுவனம். பல பாடகர்களின் பழைய பாட்டுகளைச் சேர்த்து விற்பதற்குத்தான் தொகுப்பு சரி. ஒருவரே ஒரே மூச்சில் யோசித்து, எதன் பின் எது என்று வரிசை பார்த்து வைப்பதற்குக் 'கோவை' என்ற சொல் இருக்கிறது. கோத்தல் என்றால் நூலில் மணியை வரிசைப்படுத்துவது. மாணிக்கவாசகர் பாடிய திருக்கோவையார் நூலின் 400 பாட்டும் அப்படித்தான், காதலர் முதலில் கண்ட கணத்திலிருந்து படிப்படியாக நகரும். நடுவில் பத்தைப் பிடுங்கினால் கதை அறுந்துவிடும். நல்ல ஆல்பத்துக்கும் அந்தக் குணம் உண்டு. கணினிக் 'கோப்பு'க்கும் வேர் இதுவே. இன்றைய ஆல்பம் கோப்புகளாகத்தானே வருகிறது! 'இசைக்கோவை' என்றால், பாட்டுக்கு வாத்தியங்களை அமைப்பதைச் சொல்லும் இசைக்கோப்பு என்ற சொல்லோடு குழம்பும். அதனால் 'பாடற்கோவை'.

அப்போது ஒற்றைப் பாட்டு? எந்த நூலிலும் சேராமல் தன்னந்தனியே நிற்கும் பாட்டைத் 'தனிப்பாடல்' என்று எப்போதோ பெயரிட்டுவிட்டார்கள்; காளமேகப் புலவர் பாடியவற்றில் பல அப்படிப்பட்டவைதான்.

தம்பியிடம் இத்தனையும் சொன்னேன். அவர் அனுப்பியது தனிப்பாடல், இன்னும் ஏழெட்டு எழுதி வரிசை பிடித்தால் கோவை என்று முடித்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கோவைலயா ரிலீஸ் பண்ணச் சொல்றீங்க?" என்றார்.