மனிதவளத் துறைக்கு வர விரும்பும் மலையகப் பிள்ளைகளுக்கு

மனிதவள உத்தியோகத்தர் பதவிக்கான நேர்முகத் தேர்வில் "ஏன் இந்தத் துறை?" என்று கேட்டால், வருகின்றவர்களில் பெரும்பாலானோர் "எனக்கு ஆட்களோடு பழகப் பிடிக்கும்" என்றே தொடங்குகிறார்கள். ஹற்றனுக்கும் கண்டிக்கும் இடையே ஓடும் பஸ்ஸின் நடத்துநருக்கும் அது பிடிக்கும். மலையகத்தின் தொழிற்சாலைகளிலும் ஹோட்டல்களிலும் இந்தப் பிரிவில் வேலை செய்தும், புதியவர்களைத் தெரிவு செய்தும் வருகின்ற நான், உயர்தரம் முடித்துவிட்டு இத்துறையைப் பற்றி விசாரிக்கும் பிள்ளைகளிடம் முதலில் சொல்வது ஒன்றுதான். இங்கே ஒருவரை நிலைக்க வைப்பவை பதிவேட்டில் காட்டும் துல்லியமும் தொழிற்சட்டத்தில் உள்ள தேர்ச்சியுமே. பேச்சுத் திறமை அவற்றுக்குப் பிறகுதான் பயன்படும்.

சம்பளக் கணக்கிலிருந்தே தொடங்கலாம். ஊழியரின் ஓய்வுகாலத்துக்கான சேமிப்பாகிய ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பீ.எஃப்.) கணக்கிடப்படும் சம்பளம் 50,000 ரூபாய் என்றால், 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியரின் பங்காக 8 வீதம், அதாவது 4,000 ரூபாய், கழிக்கப்படும். தொழில்தருநர் தம் பங்காக 12 வீதம், 6,000 ரூபாய், சேர்க்க வேண்டும். இதற்குமேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமாகிய 1,500 ரூபாயையும் தொழில்தருநரே கட்ட வேண்டும். அதை ஊழியரின் சம்பளத்தில் கழிக்க முடியாது. மேலதிக நேரக் கொடுப்பனவு இந்தக் கணக்கில் சேராது. ஆனால் தகுதிகாண் காலத்தில் இருப்பவரும், தற்காலிகமாகச் சேர்ந்தவரும் முதல் நாளிலிருந்தே இதற்கு உரித்துடையவர்கள். "மூன்று மாதம் கழியட்டும், பிறகு ஈ.பீ.எஃப். போடுவோம்" என்பது நகரத்துக் கடைகளில் சர்வசாதாரணமாகக் கேட்கும் பேச்சு. அது சட்டத்துக்கு முரணானது என்பதை முதலாளிக்குப் பணிவாகவும், அதே சமயம் எழுத்திலும் எடுத்துச் சொல்லக்கூடிய ஒருவர்தான் அந்தக் கதிரையில் இருக்க வேண்டும்.

அடுத்தது, யாருக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்பது. நுவரெலியாவில் ஒரு நிறுவனத்தின் அலுவலகத்தில் இருக்கும் எழுதுவினைஞருக்கு 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் பொருந்துகிறது. அவருக்கு நாளுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்பதே வழமையான வேலை நேரம். உரிய காலம் வேலை செய்தபின் ஆண்டு விடுமுறை 14 நாட்களும், சுகவீனம் முதலிய சொந்தக் காரணங்களுக்கான விடுமுறை 7 நாட்களும் உண்டு. அதே நிறுவனத்துக்குச் சொந்தமான தோட்டத்தில் கொழுந்து பறிப்பவருடைய நிலை வேறு. அவர், தொழில்வாரியாக ஆகக்குறைந்த சம்பளத்தை நிர்ணயிக்கும் சபைகளுக்கான சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறார். 2021இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாயாகவும், 2024இல் 1,350 ரூபாயாகவும் ஆனது இந்தச் சம்பளச் சபை வழியாகத்தான். ஒரே கம்பனி, ஒரே கடிதத்தலைப்பு என்பதற்காக இருவருக்கும் ஒரே விடுமுறைப் படிவத்தை நீட்டும் உத்தியோகத்தர்களைக் கண்டிருக்கிறேன். மகப்பேற்று விடுமுறையிலும் பழைய பழக்கம் விடுவதாக இல்லை. மூன்றாவது பிள்ளைக்கு 42 நாள்தான் என்று இன்னமும் சொல்பவர்கள் உண்டு; 2018இன் திருத்தங்களுக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையாக இருந்தாலும் 84 நாள்.

மலையகத்தில் இந்தத் தொழிலின் மிகக் கடினமான பகுதி பெயர்தான். செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வரவுப் பதிவேட்டில், "மாரியாயி" என்று மட்டும் எழுதப்பட்ட ஒருவர், பிறப்புச் சான்றிதழில் "மாரியாய்" என்றும், அடையாள அட்டையில் தகப்பனின் பெயரோடும், திருமணத்துக்குப் பின் வந்த வேறொரு பதிவில் கணவனின் பெயரோடும் இருப்பார். சிங்களத்தில் எழுதப்பட்ட சான்றிதழை ஆங்கிலத்துக்கு மாற்றும்போது இன்னோர் எழுத்து கூடியோ குறைந்தோ போகும். பிறந்து பல மாதங்களுக்குப் பிறகு பதிந்ததால் திகதியும் மாறியிருக்கலாம். வேலை செய்த காலம் முழுவதும் இதனால் எவருக்கும் ஒரு சிரமமும் இல்லை. பேர் விழுந்தது, அதாவது அன்றைய வேலை பதிவானது; சம்பளம் வந்தது. ஓய்வுபெற்றுச் சேமலாப நிதியைக் கோரும் நாளில்தான் அந்த எழுத்துப் பிசகு வழியில் வந்து நிற்கிறது. அதன் பிறகு சத்தியக் கடதாசி, கிராம உத்தியோகத்தரின் கடிதம், பழைய துரை காலத்துப் பதிவேடு என்று ஒவ்வொன்றாகத் தேடி, வயதான ஒருவர் தொழில் காரியாலயத்துக்கும் தோட்டத்துக்கும் மாறி மாறி நடக்க வேண்டியிருக்கிறது.

இதைத் தவிர்ப்பதற்கு வேண்டியது வேலையில் சேர்க்கும் அன்று செலவிடும் அரைமணி நேரம் மாத்திரமே. அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். வேறுபாடு இருந்தால் அப்போதே திருத்தச் சொல்லி, அது முடிந்ததா என்பதையும் பின்னர் கேட்டறிய வேண்டும். முன்பு வேறு இடத்தில் வேலை செய்தவரானால் அந்த நிறுவனத்தின் சேமலாப நிதி இலக்கத்தையும் கோவையில் குறித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் இடம் மாறும்போது தொழில்தருநரின் இலக்கத்தோடு அங்கத்துவ இலக்கமும் மாறுகிறது. கொழும்புக் கடையில் சில வருடம், பிறகு ஆடைத் தொழிற்சாலையில் சில வருடம், கடைசியில் ஊரோடு வந்து ஹோட்டலில் என்று வாழ்ந்தவர்களுக்கு எங்கே எவ்வளவு இருக்கிறது என்பதே நினைவிருக்காது. வயதைப் பற்றியும் தெளிவாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சேமலாப நிதியைப் பொறுத்தவரை ஓய்வு வயது பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55. 2021இன் ஆகக்குறைந்த ஓய்வு வயதுச் சட்டம் சொல்வதோ 60. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, 55இல் கட்டாயம் வீட்டுக்குப் போக வேண்டும் என்று நம்பியிருப்பவர்கள் பலர்.

ஒழுக்காற்று நடவடிக்கைகளில் மொழி ஒரு பெரிய விடயம். குற்றச்சாட்டுக் கடிதம் ஆங்கிலத்தில் வருகிறது. அதைப் பெறுபவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். கையொப்பம் மட்டும் உடனே வேண்டும் என்கிறார்கள். உள்ளக விசாரணை எவ்வளவு ஒழுங்காக நடந்திருந்தாலும், தன்மேல் என்ன குற்றம் சுமத்தப்பட்டது என்பதே ஒருவருக்கு விளங்கவில்லை என்றால், வேலைநீக்க வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபையில் அந்த விசாரணை நிற்காது. வேலைநீக்கத்துக்கு எதிராக ஆறு மாதத்துக்குள் அங்கே விண்ணப்பிக்கலாம் என்பதை ஊழியர்களில் பலர் அறிந்திருக்கிறார்கள். சில முகாமையாளர்களுக்குத்தான் தெரிவதில்லை. 1971ஆம் ஆண்டின் வேலை முடிவுறுத்தல் சட்டத்தின் கீழ் வரும் நிறுவனமொன்று ஒழுக்காற்றுக் காரணத்துக்காக ஒருவரை நீக்கினால், இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் அதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இவற்றையெல்லாம் மூன்று மொழியிலும் வாசித்து, ஊழியருக்குத் தமிழிலும், தொழில் திணைக்களத்துக்குச் சிங்களத்திலும், தலைமையகத்துக்கு ஆங்கிலத்திலும் எழுதக்கூடிய ஒருவருக்கு மலையகத்தில் வேலையில்லாமல் போகாது. நம் பிள்ளைகள் பலர் சிங்களத்தைச் சரளமாகப் பேசுகிறார்கள். ஒரு பக்கம் எழுதச் சொன்னால் தயங்குகிறார்கள். என்னைக் கேட்டால், எந்த டிப்ளோமாவுக்கும் முன்பு இந்தத் தயக்கத்தை நீக்கிக்கொள்வதே மேல்.

லயத்து வீட்டிலிருந்து படித்து வந்த ஒருவர் இந்தப் பதவியில் அமரும்போது, சொந்த ஊரார் அவரைக் "கம்பனி ஆள்" என்றும், மேலிடம் "அவங்கட பக்கம்" என்றும் பார்ப்பதுண்டு. இதற்கு இலகுவான தீர்வு இருப்பதாக நான் சொல்ல மாட்டேன். சம்பளம் தருவது நிர்வாகம். தொழிற்சங்கத் தலைவரின் வேலையை நாம் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் ஐந்து வருடச் சேவையை முடித்தவர் விலகினால், 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் அவருக்குப் பணிக்கொடை 30 நாட்களுக்குள் சேர வேண்டும் என்பது யாருடைய பக்கத்தையும் சார்ந்ததன்று. மாதச் சம்பளக்காரருக்குச் சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம், நாட்சம்பளக்காரருக்கு 14 நாள் சம்பளம் என்பது 1983இன் சட்டம். தயவால் கேட்டுப் பெற வேண்டிய ஒன்றாக அதை ஊழியர் நினைக்கும்படி நடந்துகொள்ளாதிருந்தால், இரு தரப்பும் காலப்போக்கில் உங்களை நம்பத் தொடங்கும்.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்ரீ ஜயவர்தனபுர, களனிப் பல்கலைக்கழகங்களில் மனிதவள முகாமைத்துவத்தையே பட்டமாகப் படிக்கலாம். வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவக் கற்கைநெறி உதவும். பட்டய ஆளணி முகாமைத்துவ நிறுவகத்தின் தொழில்சார் தகைமையைத் தொழில்தருநர்கள் பரவலாக மதிக்கிறார்கள். நகரங்களின் மாடிப்படிகளில் விளம்பரப்படுத்தப்படும் ஆறு மாத டிப்ளோமாவுக்கு நகையை அடகு வைப்பதற்கு முன், அந்த நிறுவனம் மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா என்று பாருங்கள். பதிவு இருந்தாலும், அந்தச் சான்றிதழை யார் ஏற்றுக்கொண்டு வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று பழைய மாணவர்களிடம் கேளுங்கள்.

முதல் வேலை மனிதவளப் பிரிவிலேயே கிடைக்காவிட்டால், சம்பளப் பிரிவிலோ தோட்டக் காரியாலயத்திலோ கிளாக்கராகச் சேர்வதைக் குறைவாக எண்ண வேண்டாம். மாத முடிவில் வரவுப் பதிவையும் சம்பளப் பட்டியலையும் ஒப்பிட்டு, ஒரு பேர் குறைந்தது ஏன் என்று தேடிக் கண்டுபிடித்துப் பழகிய ஒருவரும், பட்டத்தோடு நேராக வந்த ஒருவரும் ஒரே பதவிக்கு விண்ணப்பித்தால், நான் முன்னவருக்கே முதலில் அழைப்பு அனுப்புவேன்.