நகரும் திருநாள், நகராத பெயர்

மார்ச் 22-க்கு முன்னால் ஈஸ்டர் வராது. ஏப்ரல் 25-ஐத் தாண்டியும் போகாது. இந்த 35 நாட்களுக்குள் ஆண்டுதோறும் இடம் மாறிக்கொண்டிருக்கும். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமி, அதற்கடுத்த ஞாயிறு என்பது கணக்கு. அந்தப் பௌர்ணமியும் வானத்தைப் பார்த்துச் சொல்வதல்ல, திருச்சபை அட்டவணையில் போட்டுவைத்தது. காலப்போக்கில் வழுக்கிப் போன அந்த அட்டவணையைச் சரிசெய்ய வழி சொன்னவர், தென் இத்தாலியின் கலாப்ரியாவைச் சேர்ந்த மருத்துவர் லூய்ஜி லிலியோ. 1582-இல் வந்த கிரெகோரியன் நாட்காட்டிக்கு அடிப்படை அவருடைய திட்டம்தான்.

இப்படி ஓரிடத்தில் நிற்காத நாளுக்கு இத்தாலிய மொழியில் பாஸ்குவா என்று பெயர். அந்த நாளில் பிறந்த பிள்ளை பாஸ்குவாலே, அதாவது 'பாஸ்குவாவைச் சேர்ந்தவன்'. அவன் மகனை ஊரார் 'பாஸ்குவாலே மகன்' என்றார்கள். பேரன் காலத்தில் அது குடும்பப்பெயராக உறைந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஆடி மழையில் பிறந்தாலும் மார்கழிப் பனியில் பிறந்தாலும் பிள்ளை பாஸ்குவாலேதான்.

சொல்லின் பயணமும் சுவையானது. எபிரேயத்தில் பெசாக், யூதர்கள் எகிப்திலிருந்து விடுதலை பெற்றதை நினைவுகூரும் விழா. அரமேயத்திலும் கிரேக்கத்திலும் பாஸ்கா. தமிழ்க் கத்தோலிக்கர் 'பாஸ்கா விழா', 'பாஸ்கா திரி' என்று சொல்வதும் இதே சொல்தான். லத்தீன் வழியாக இத்தாலிக்கு வந்தபோது மட்டும் நடுவில் ஒரு 'வ' ஒட்டிக்கொண்டது. மேய்ச்சல் நிலத்துக்கு லத்தீனில் பாஸ்குவா. ஆட்டுக்குட்டியைப் பலியிட்டு உண்ணும் விழா, ஆடு மேயும் நிலம்: இரண்டும் மக்கள் வாயில் கலந்துவிட்டன. இலக்கணக்காரர்கள் இதைப் பிழை என்பார்கள். எனக்கென்னவோ இது கவிதையாகத்தான் படுகிறது.

இன்னொரு சிக்கல் உண்டு. பழைய இத்தாலியில் பாஸ்குவா என்றால் ஈஸ்டர் மட்டுமல்ல. பெரிய திருநாள் எல்லாமே ஒருவகையில் பாஸ்குவாதான். ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தகோஸ்து நாளுக்கு 'ரோஜா பாஸ்குவா' என்று பெயர். சார்டினியாவின் தென்பகுதியில் கிறிஸ்துமஸுக்கே 'சின்ன பாஸ்கா' என்று பொருள்படும் பெயர்தான் வழக்கு. ஸ்பெயினிலும் இதே கதை. அங்கே 1540-இல் பிறந்த புனிதர் பாஸ்குவால் பைலோன் பெந்தகோஸ்து நாளில் பிறந்ததால்தான் அப்பெயர் பெற்றார். 1592-இல் அவர் இறந்ததும் ஒரு பெந்தகோஸ்து நாளில். ஆகவே பாஸ்குவாலே என்ற பெயரை வைத்துக்கொண்டு, முதல் மூதாதை ஈஸ்டர் அன்று பிறந்தார் என்று சத்தியம் செய்ய முடியாது.

பெயர்கள் பரம்பரையாக இறுகியது ஒரே நாளில் நடந்ததல்ல. பணமும் நிலமும் உள்ள குடும்பங்கள் முன்பே வைத்துக்கொண்டன. ஏழை எளியவர்களுக்கு அது உறுதிப்பட்டதில் பங்குத்தந்தையின் பேரேட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1563-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம், திருமணங்களையும் ஞானஸ்நானங்களையும் ஒவ்வொரு பங்கிலும் எழுதி வைக்கவேண்டும் என்று விதித்தது. வாயில் புரண்டுகொண்டிருந்த பெயர் மையில் விழுந்தபோது, அந்தந்த வட்டார உச்சரிப்போடு விழுந்தது. காம்பானியாவில் பாஸ்காலே. லெச்சே பக்கம் தே பாஸ்காலிஸ். வெனேத்தோவில் பாஸ்குவாலோத்தோ. வடக்கிலும் நடுப்பகுதியிலும் கடைசியில் 'இ' போட்டால் போதும், பாஸ்குவாலி ஆகிவிடும். தெற்கில் முன்னால் 'டி' சேர்ப்பார்கள். டி பாஸ்குவாலே என்றால் பாஸ்குவாலேயின் மகன். செல்லப்பெயரிலிருந்து வந்தது பாஸ்குவினி.

பாஸ்குவினோ என்ற செல்லப்பெயர் ரோமில் வேறொரு வேலையும் பார்த்தது. நவோனா சதுக்கத்துக்கு அருகே, மூக்கு மழுங்கிக் கையிழந்த பழைய சிலை ஒன்றைக் கர்தினால் ஒலிவியேரோ கராஃபா 1501-இல் நிறுத்தினார். ஊரார் அதற்கு பாஸ்குவினோ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் அக்கம்பக்கத்தில் ஒரு தையல்காரர் இருந்தார் என்பார்கள், முடிதிருத்துபவர் என்பார்கள், பள்ளி ஆசிரியர் என்பாரும் உண்டு. ஆண்டுதோறும் ஏப்ரல் 25, புனித மாற்கு திருநாளில் அதன்மேல் கவிதை ஒட்டுவார்கள். அப்புறம் அது போப்பாண்டவரையே கிண்டலடிக்கும் அநாமதேயச் சுவரொட்டிகளின் இடமாகிவிட்டது. அவ்வகை நையாண்டிக்கு இன்றும் இத்தாலியில் பாஸ்குவினாத்தா என்றே பெயர்.

ஆல்ப்ஸைத் தாண்டி பிரான்ஸில் இதன் ஒன்றுவிட்ட தம்பிதான் பாஸ்கல். இத்தாலியர் தோரிச்செல்லி பாதரசக் குழாயில் காற்றழுத்தத்தைக் காட்டினார். மலை ஏற ஏற அது குறையும் என்பதை 1648-இல் மைத்துனரைப் புய் தெ டோம் மலைக்கு அனுப்பிச் சோதித்தவர் பிளேஸ் பாஸ்கல். 1971 முதல் அழுத்தத்தின் சர்வதேச அலகுக்கு அவர் பெயர். புயல் நேரத்தில் வானிலை அறிக்கையில் ஹெக்டோபாஸ்கல் என்று வாசிக்கிறார்களே, அதற்குள்ளும் அந்தத் திருநாள் ஒளிந்திருக்கிறது.

சரி, இந்தப் பெயரால் மரபியலாளர்களுக்கு வந்த தலைவலிக்கு வருவோம். குடும்பப்பெயர் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகிறது; ஆண்களுக்கு மட்டுமே உள்ள ஒய் குரோமோசோம் என்ற மரபுக்கூறும் அப்படியே. எனவே இரத்தமாதிரி எடுக்காமலே, பெயர்ப் பட்டியலை வைத்து உறவுமுறையை மதிப்பிடலாமே என்று முதலில் கணக்குப் போட்டவர் ஜார்ஜ் டார்வின், சார்லஸ் டார்வினின் மகன். அவருடைய அப்பாவும் அம்மாவுமே மாமன் அத்தை பிள்ளைகள்தாம். ஒரே பெயர்கொண்ட மணமக்கள் எத்தனை பேர் என்று எண்ணி, இங்கிலாந்தில் நெருங்கிய உறவுத் திருமணங்களின் அளவை 1875-இல் மதிப்பிட்டார். 1965-இல் ஜேம்ஸ் குரோவும் ஆர்தர் மேஞ்சும் அந்த யோசனையை மரபியல் சூத்திரமாக்கினார்கள்.

சூத்திரத்தின் சாரம் எளிது. பெற்றோரின் உடன்பிறந்தார் பிள்ளைகள் நான்கு வகை. அப்பாவின் சகோதரர் பிள்ளைக்கு மட்டும் நம் குடும்பப்பெயர். மற்ற மூவருக்கும் வேறு. நான்கு வகையும் சம அளவில் மணந்தால், ஒரே பெயர்த் திருமணம் நான்கில் ஒன்று. ஆகவே அவற்றை எண்ணி நான்கால் பெருக்கினால் அவ்வகைச் சொந்தத் திருமணங்களின் அளவு தெரியும். இது ஐரோப்பாவுக்குப் பொருந்தும். தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தால் கணக்கு படுத்துவிடும்: சித்தப்பா மகள் தங்கை, மணப்பது அத்தை மகளையோ மாமன் மகளையோதான். நமக்குப் பரம்பரைக் குடும்பப்பெயர் இருந்திருந்தாலும் முறைப்பெண் வேறு பெயர்க்காரியாகவே இருப்பாள். எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும் விடை பூஜ்யம்.

இத்தாலியில் வேறு சிக்கல். ஒரு பெயருக்கு ஒரே தொடக்கம் என்று சூத்திரம் நம்புகிறது. ஏதோ ஒரு மலைக்கிராமத்தின் பெயரோ விசித்திரமான பட்டப்பெயரோ குடும்பப்பெயரானால் அது பெரும்பாலும் சரி. ஈஸ்டரோ எல்லா ஊருக்கும் வரும், ஆண்டுதோறும் வரும். ஒவ்வொரு முறையும் எங்காவது ஒரு பாஸ்குவாலே பிறப்பான். ஒருவரையொருவர் அறியாத நூற்றுக்கணக்கான மூதாதையர் ஒரே பெயரைத் தனித்தனியே விதைத்திருக்கிறார்கள். பலெர்மோவின் டி பாஸ்குவாலேயும் பெஸ்காராவின் டி பாஸ்குவாலேயும் உறவினர் என்று சூத்திரம் சொல்லும், குரோமோசோம் சிரிக்கும்.

அதனால்தான் ஜெனோவாவில் பிறந்த மரபியலாளர் லூகா கவாலி-ஸ்ஃபோர்ஸா பெயரை மட்டும் நம்பவில்லை. வட இத்தாலியின் பார்மா பள்ளத்தாக்கின் பங்குப் பேரேடுகளையும் மக்களின் இரத்தவகைகளையும் சேர்த்துப் பார்த்தார். பேரேடுகளைப் பற்றி அவருக்குச் சொன்னவர் அந்தோனியோ மொரோனி என்ற பாதிரியார். சொந்தத்தில் மணக்கத் திருச்சபையிடம் விலக்கு வாங்கவேண்டும் என்பதால், அந்த அனுமதிகளும் எழுத்தில் இருந்தன. பெயர் சொல்லும் ஊகத்தை உண்மையான உறவோடு ஒப்பிட இதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது.

2022-இல் இத்தாலிய அரசியலமைப்பு நீதிமன்றம், அப்பா பெயர் மட்டும் தானாகவே பிள்ளைக்குப் போகும் வழக்கத்தை முடித்துவைத்தது. பெற்றோர் வேறுவிதமாக ஒத்துக்கொண்டாலொழிய இனி இருவர் பெயரும் சேரும். நத்தாலே என்றால் கிறிஸ்துமஸ். டி நத்தாலேயும் அங்கே பழகிய குடும்பப்பெயர்தான். ஒரு பாஸ்குவாலி பெண் ஒரு டி நத்தாலே பையனைக் கட்டிக்கொண்டால், ஆகஸ்டில் பிறந்த அவர்கள் பிள்ளையும் இரண்டு திருநாளைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போகும்.