பூப்போன்ற விசை

தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்களிடம் அதைக் காவல் நிலையத்திலோ, எங்களைப் போன்ற உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள். அந்தச் சில வாரங்களில்தான் சுற்றுவட்டார ரிவால்வர்களின் உடல்நிலை எனக்குத் தெரியவரும். துருப்பிடித்தது, எண்ணெய் பிசினாய் உறைந்தது எல்லாம் வரும். அவற்றைக் கண்டு நான் பயப்படுவதில்லை. யாரோ ‘சரிசெய்து’ கொடுத்ததைத்தான் யோசித்துத் தொடுவேன்.

சென்ற முறை ஒரு பெரியவர் கான்பூர் துப்பாக்கி ஆலையின் .32 அளவு ரிவால்வரைக் கொண்டுவந்தார். “விசை பூ மாதிரி இருக்கும் தம்பி, தொட்டுப் பாருங்கள்” என்றார். ஆறு அறைகளும் காலிதானா என்று இருமுறை பார்த்துக்கொண்டு, தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தினேன். விசையில், அதாவது டிரிகரில், விரலே வைக்கவில்லை. சுத்தியலின் முதுகைக் கட்டைவிரலால் முன்பக்கமாக அழுத்தினேன். விசையை இழுக்காமல் விழவே கூடாதது ‘டக்’கென்று விழுந்துவிட்டது.

சுத்தியலை முன்கூட்டியே இழுத்து நிறுத்தாமல் சுட்டால், விசையே அதைத் தூக்கிப் பிறகு விட வேண்டும். அதற்கு ஐந்து கிலோ அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கும். கையால் இழுத்து நிறுத்திவிட்டாலோ விசைக்கு ஒரே வேலைதான் மிச்சம்: சுத்தியலில் வெட்டிய சின்னக் காடியிலிருந்து நழுவுவது. நல்ல ஆலைத் தயாரிப்புகளில் இதற்குப் பெரும்பாலும் மூன்று, நான்கு பவுண்டு தேவைப்படும், ஏறத்தாழ 1.4 முதல் 1.8 கிலோ.

இதையும் குறைக்க வேண்டும் என்பவர்களுக்காகச் சிலர் காடியை உரசி ஆழத்தைக் குறைக்கிறார்கள். பல ரிவால்வர்களில் காடியின் மேல்தோல் மட்டும்தான் கடினப்படுத்தப்பட்டது. அது போனால் அடியில் இருப்பது மெத்தென்ற இரும்பு. சுடச் சுடத் தேய்ந்து, இழுவை தானாகவே இன்னும் குறையும். வேறு சிலர் சுத்தியலின் ஸ்பிரிங்கைத் தளர்த்துவார்கள். பிறகு சுத்தியல் தோட்டாவின் அடியில் போதிய வேகத்தோடு அடிக்காது; தேவைப்படும் நேரத்தில் வெடிக்காது. (பழுதுபார்க்கவும் தனி உரிமம் வேண்டும் என்பது பட்டறைக்காரர்கள் பலருக்கு நினைவிருப்பதில்லை.)

“போட்டிகளில் சுடுகிறவர்கள் லேசாகத்தானே வைத்திருக்கிறார்கள்?” என்று கேட்பார்கள். சர்வதேச விதிப்படி 25 மீட்டர் சென்டர்ஃபயர் (அடியின் நடுவில் அடிபட்டு வெடிக்கும் தோட்டா) போட்டியில் விசையின் இழுவை 1,000 கிராமுக்குக் குறையக் கூடாது. குழலைச் செங்குத்தாக நிறுத்தி, விசையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுத் தூக்கிப் பார்ப்பார்கள். கல் எழும்பாமல் விசை நழுவினால் அந்தத் துப்பாக்கி தேறாது. இத்தனைக்கும் அது குழல் எப்போதும் இலக்கையே பார்த்திருக்கும் மைதானம்.

வீட்டில் வைத்திருக்கும் ரிவால்வருக்கு மூன்று பவுண்டுக்குக் கீழே நான் இறக்கித் தருவதில்லை. லேசு என்று வாடிக்கையாளர்கள் கேட்பது பல சமயம் வழவழப்பைத்தான். சொரசொரப்பு நீங்கி, எண்ணெய் மாற்றினால் அதே 1.5 கிலோ பாதியாகத் தெரியும்.

சுடாமல் சுத்தியலை இறக்குவதில்தான் பெரிய ஆபத்து. தோட்டா உள்ளே இருக்க, ஒரு விரலால் விசையை இழுத்துக்கொண்டே கட்டைவிரலால் சுத்தியலைப் பிடித்து மெல்ல இறக்க வேண்டும். இருட்டு, வியர்த்த கை, படபடப்பு. போதாததற்கு, ஒரு கை எதையாவது இறுக்கிப் பிடித்தால் மறுகையின் விரல்களும் தன்னையறியாமல் இறுகும். லேசாக்கிய விசை இதற்கெல்லாம் எம்மாத்திரம்? லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க் காவல் துறைகள் ஒரு கட்டத்தில் சுத்தியலை இழுத்து நிறுத்தவே முடியாத ரிவால்வர்களுக்கு மாறின. தற்காப்புக்கென்றால் சுத்தியலை நிறுத்தாமல், விசையின் நீண்ட இழுவையிலேயே சுடப் பழகுங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன்.

பெரியவரின் ரிவால்வரில் எடைக்கல் மாட்டிப் பார்த்தேன். 600 கிராமே தாங்கவில்லை. சுத்தியலையே மாற்ற வேண்டும் என்றேன். அவர் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான்கு வருடமாகத் தலையணைக்கு அடியில்தான் தம்பி இருக்கிறது” என்றார். “பேரன் வரும்போது மட்டும் பீரோவில் வைப்பேன்.”