போலீஸ் ஊதச் சொன்னால் என்ன நடக்கும்? குடிபோதையில் வண்டி ஓட்டும் வழக்கு பற்றி

ராத்திரி பேரிகேட் போட்டு நிறுத்தும் இடத்தில் மாட்டியவர்கள் முதலில் கேட்பது, "ஃபைன் எவ்வளவு சார், இங்கேயே கட்டிடறேன்" என்பதுதான். ஹெல்மெட் போடாததற்கு அந்தக் கேள்வி சரி. குடித்துவிட்டு ஓட்டியதற்கு அது செல்லாது. எந்தெந்தக் குற்றங்களை அபராதம் கட்டி அங்கேயே முடித்துக்கொள்ளலாம் என்று மோட்டார் வாகனச் சட்டம் 200ஆவது பிரிவில் ஒரு பட்டியல் தருகிறது. குடிபோதையில் ஓட்டுவதைப் பற்றிய 185ஆவது பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே இந்த வழக்கில் அபராதத்தைச் சொல்ல வேண்டியவர் மாஜிஸ்திரேட், எஸ்.ஐ. அல்ல. "ஏதாவது கொடுங்க, முடிச்சுடலாம்" என்று ஒருவர் சொன்னால் அந்தப் பணம் அரசு கஜானாவுக்குப் போகாது.

இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும். இது வெறும் சலான் அல்ல, கிரிமினல் வழக்கு. நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 10,000 ரூபாய் கட்டினால் அது தண்டனையாகப் பதிவாகும். அடுத்த முறை மாட்டினால் அந்தப் பதிவுதான் முன்னால் வந்து நிற்கும்.

30 என்பது எவ்வளவு?

ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். இங்கிலாந்தில் இந்த அளவு 80. நம் நாட்டுச் சட்டம் அந்த வகையில் கண்டிப்பானது. "நான் ஸ்டெடியாத்தான் சார் ஓட்டினேன்" என்று சொல்லிப் பயனில்லை. கஞ்சா போன்ற போதைப் பொருள் என்றால், வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் ஓட்டுநர் இருந்தாரா என்று சட்டம் பார்க்கிறது. மதுவுக்கு அந்தக் கேள்வியே இல்லை. எண் தாண்டினால் முடிந்தது.

எண்ணைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். டாஸ்மாக்கில் வாங்கும் குவார்ட்டர் பாட்டிலின் லேபிளில் 180 மி.லி., 42.8 சதவீதம் என்று அச்சடித்திருக்கும். அதாவது ஒரு குவார்ட்டரில் சுமார் 77 மி.லி. சுத்த ஆல்கஹால், எடையில் 60 கிராம். எழுபது கிலோ எடையுள்ள ஆண் அதை முழுதாகக் குடித்தால் அளவு ஏறக்குறைய 128 வரை போகலாம். கட்டிங் என்று பாதியோடு நிறுத்தினாலும் 64, அதாவது சட்ட அளவைப் போல இரண்டு மடங்கு. எடை குறைந்தவர்களுக்கும் பெண்களுக்கும் அதே சரக்கு இன்னும் கூடுதலாகக் காட்டும். சாப்பாட்டோடு குடித்தால் ஏறுவது கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான்.

இறங்குவதுதான் பலருக்கும் தெரியாத கணக்கு. கல்லீரல் மணிக்கு, 100 மி.லி. ரத்தத்தில் சுமார் 15 மில்லிகிராம் குறையும் வேகத்தில்தான் ஆல்கஹாலைக் கரைக்கும். மோர், எலுமிச்சை, காபி, தலையோடு குளியல் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. ராத்திரி ஒன்பது மணிக்கு ஆரம்பித்து இரண்டு குவார்ட்டர் அடித்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். தூங்கி எழுந்து, பல் துலக்கி, விபூதி வைத்துக்கொண்டு காலை ஏழு மணிக்கு முகூர்த்தத்துக்குக் காரை எடுக்கிறார். அந்த நேரத்தில் அவர் உடம்பில் இன்னும் 100க்கு மேல் இருக்கும். முப்பதுக்குக் கீழே வர மதியம் ஆகிவிடும். "நேத்து குடிச்சது சார்" என்று அவர் சொல்வது முழு உண்மையாகவே இருக்கலாம். கருவிக்கு நேற்று இன்று தெரியாது. இவை தோராயக் கணக்குகள், ஆளுக்கு ஆள் மாறும். இதை வைத்து "எனக்கு இத்தனை மணிக்கு ஓட்டலாம்" என்று டைம் டேபிள் போட வேண்டாம்.

பாக்கு, பெப்பர்மின்ட், வெங்காயம் எல்லாம் வாடையைத்தான் மறைக்கும். கருவி அளப்பது நுரையீரலின் அடியிலிருந்து வரும் காற்றை. ரத்தத்தில் உள்ள ஆல்கஹால் அங்கே காற்றோடு கலக்கிறது. கருவிக்குள் இருக்கும் பிளாட்டின மின்முனையில் அது பட்டதும் சிறு மின்சாரம் உண்டாகும், அதன் அளவே திரையில் எண்ணாக வரும்.

இதில் எதிர்ப்பக்கமும் உண்டு. அரிஷ்டம், சில இருமல் டானிக், சில மவுத் வாஷ் இவற்றிலும் ஆல்கஹால் இருக்கிறது. குடித்த கையோடு, கொப்பளித்த கையோடு ஊதினால் வாயில் ஒட்டியிருப்பது எண்ணை ஏற்றிவிடும். பதினைந்து நிமிடத்தில் அது போய்விடும். உண்மையில் தசமூலாரிஷ்டம் மட்டும் குடித்தவர் பதற வேண்டாம். அதைச் சொல்லி, வாய் கொப்பளித்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதுகிறேன் என்று கேளுங்கள். சரக்கு அடித்தவரின் எண் அந்தக் கால் மணி நேரத்தில் பெரிதாக அசையாது.

நிறுத்திய இடத்தில்

ஊதச் சொல்லும் போலீஸ்காரர் சீருடையில் இருக்க வேண்டும். மோட்டார் வாகனத் துறை அதிகாரியும் சொல்லலாம். ஓட்டுபவர் குடித்திருக்கிறார் என்று சந்தேகப்பட நியாயமான காரணம் இருக்க வேண்டும் என்கிறது 203ஆவது பிரிவு. வாடையும் பேச்சுத் தடுமாற்றமும் அதற்குப் போதும். சாலையில் அந்த வரியைச் சொல்லி வாதாடுவது வேலைக்கு ஆகாது.

ஊதுமுன் இரண்டைப் பாருங்கள். வாய் வைக்கும் குழாய் புதியதா? திரையில் பூஜ்யம் தெரிகிறதா? இரண்டையும் மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் காட்டுவார்கள். ஊதியபின் வரும் துண்டுச் சீட்டில் தேதி, நேரம், எண் எல்லாம் இருக்கும். கையெழுத்துப் போடுமுன் திரையில் பார்த்த எண்ணும் சீட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். முடிந்தால் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றத்தில் அந்தச் சீட்டு சாட்சியம்.

ஊத மாட்டேன் என்று அடம் பிடித்தால் தப்பிக்கலாம் என்ற யோசனை நண்பர்கள் வட்டாரத்தில் ரொம்பப் பிரபலம். அது வீண். ஊத மறுத்தவர் குடித்திருக்கிறார் என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தால் வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம். ஸ்டேஷனில் மறுபடி ஊத வாய்ப்புக் கொடுப்பார்கள். அங்கும் மறுத்தால் மருத்துவர் மூலம் ரத்தம் எடுக்கச் சொல்லலாம். தகுந்த காரணமின்றி மறுத்தது அரசுத் தரப்புச் சாட்சியத்துக்கு வலு சேர்க்கும் என்று 205ஆவது பிரிவு சொல்கிறது. ஆக, மறுப்பவர் கையில் சாதகமான ஆதாரமும் இல்லாமல் நிற்பார்.

கைதானவருக்கும் சில பாதுகாப்புகள் உண்டு. ஸ்டேஷனில் இன்னொரு முறை ஊத வாய்ப்புத் தருவது போலீசின் கடமை. சாலையில் இருந்த கருவிமேல் சந்தேகம் என்றால் இந்த வாய்ப்பை விடாதீர்கள். கைதான இரண்டு மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவரிடம் பரிசோதனை நடக்க வேண்டும். நடக்காவிட்டால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும் (வழக்கு அதனால் செத்துவிடாது, ஆளை வைத்திருக்க முடியாது, அவ்வளவுதான்). பெண்ணிடம் ஆண் மருத்துவர் ரத்தம் எடுத்தால் இன்னொரு பெண் உடன் இருக்க வேண்டும். இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்பதால் ஸ்டேஷனிலேயே ஜாமீன் கிடைக்கும். வீட்டுக்குத் தகவல் சொல்லச் சொல்வதும் உங்கள் உரிமை.

வண்டி? ஸ்டேஷனுக்குப் போவதுதான் இங்கே வழக்கம். வண்டியைப் பிடித்து வைக்கும் அதிகாரத்தைச் சொல்லும் 207ஆவது பிரிவில் குடிபோதை வழக்கு குறிப்பிடப்படவில்லை. 2021 நவம்பரில் தெலங்கானா உயர் நீதிமன்றம் இதைத்தான் பிடித்துக்கொண்டது. குடிக்காத, லைசென்ஸ் உள்ள ஒருவர் கூட இருந்தால் அவரிடம் வண்டியைக் கொடுத்துவிட வேண்டும், யாரும் இல்லாவிட்டால் மட்டும் ஸ்டேஷனில் வைத்துப் பிறகு ஆர்.சி., அடையாள அட்டை பார்த்துத் திருப்பித் தரலாம் என்றது. அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் குடிக்காத அண்ணனையோ மச்சானையோ போன் போட்டு வரவழைத்து, லைசென்ஸைக் காட்டி, வண்டியை ஒப்படைக்கக் கேட்பதில் தப்பில்லை.

பின்னால் உட்கார்ந்திருப்பவரும் கொஞ்சம் கேட்டுக்கொள்ள வேண்டும். குடித்துவிட்டு ஓட்டத் துணை போனவருக்கும் ஓட்டியவருக்கு உள்ள அதே தண்டனை என்கிறது 188ஆவது பிரிவு. ரொம்ப நாள் ஏட்டில் தூங்கிய பிரிவு அது. 2022 அக்டோபரில் கூட வருபவர்மேலும் வழக்குப் போடுவோம் என்று சென்னை போக்குவரத்துப் போலீஸ் அறிவித்தபோதுதான் பலருக்கும் தெரிய வந்தது. குடிக்காமல் கூட வந்தவர்மேல் இதைப் போடுவது நியாயமா என்று கேட்டால், துணை போனார் என்பதை நிரூபிக்க வேண்டியிருக்கும், வெறுமனே உட்கார்ந்திருந்தது போதுமா என்பது வாதத்துக்கு உரியது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் தன் சாவியை எடுத்து "நீ ஓட்டுடா மச்சான்" என்று கொடுத்தவருக்கு அந்த வாதம் உதவாது.

கோர்ட்டில்

முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அடுத்த முறைக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். 2019 செப்டம்பர் 1 முதல் இதுதான் சட்டம். அதற்கு முன்பு முதல் அபராதம் 2,000 ரூபாய் வரைதான். இன்னொரு மாற்றம் பணத்தை விடப் பெரிது. முன்பெல்லாம் மூன்று வருடத்துக்குள் மறுபடி மாட்டினால்தான் இரண்டாவது குற்றமாக எடுத்துக்கொள்வார்கள். 2019ல் அந்தக் கால வரம்பை எடுத்துவிட்டார்கள். பத்து வருடம் கழித்து மாட்டினாலும் அது இரண்டாவதுதான்.

எண்ணில் சந்தேகம் உள்ளவர், உண்மையில் குடிக்காதவர், "கட்டிட்டுப் போயிடலாம், யார் அலையறது" என்று ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது. கட்டணம் கொடுக்க முடியாதவர்கள் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கேட்கலாம்.

லைசென்ஸ் விஷயம் தனி ரூட்டில் ஓடும். போலீஸ் அதைப் பிடித்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்பலாம்; வாங்கும்போது ரசீது தர வேண்டும். அங்கிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். அபராதம்தான் கட்டியாச்சே என்று அதைப் பெட்டியில் போட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். நோட்டீசுக்குப் பதில் சொல்வதுதான் உங்கள் தரப்பைச் சொல்லக் கிடைக்கும் சந்தர்ப்பம். முதல் முறைக்கு மூன்று மாதம் ஓட்டத் தடை, இரண்டாம் முறைக்கு லைசென்ஸே ரத்து. உத்தரவு தப்பு என்று நினைத்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு. தடைக் காலத்தில் வண்டி எடுத்து மாட்டினால் அதற்கு இன்னொரு 10,000 ரூபாய் அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. வாடகைக் கார் ஓட்டுபவர், டெலிவரி வேலை பார்ப்பவர் இவர்களுக்கு 10,000 ரூபாயை விட இந்த மூன்று மாதம்தான் அடி.

விபத்து நடந்துவிட்டால்

குடித்துவிட்டு ஓட்டி இடித்த வண்டிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தராது. பாலிசியிலேயே எழுதியிருக்கும். ஊதிப் பார்க்கவில்லையே என்று சொல்லியும் தப்பிக்க முடியாது: டெல்லியில் 2007ல் விபத்துக்குள்ளான ஒரு போர்ஷே காரின் வழக்கில், சோதனை அறிக்கை இல்லாவிட்டாலும் மற்ற சூழ்நிலைகளை வைத்து ஓட்டுநர் போதையில் இருந்ததைக் கம்பெனி காட்டலாம் என்று 2021ல் உச்ச நீதிமன்றம் கம்பெனிப் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அடிபட்டவருக்கான இழப்பீட்டைக் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி நீதிமன்றங்கள் உத்தரவிடுகின்றன. உரிமையாளர் ஓட்டியிருக்க வேண்டும் என்பதில்லை. நண்பனுக்கு இரவல் கொடுத்தவர் தலையில் லட்சக்கணக்கில் விழலாம்.

உயிர் போய்விட்டால் வழக்கின் தன்மையே மாறும். கவனக்குறைவால் மரணம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 106ஆவது பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறை. ஆனால் குடித்துவிட்டு ஓட்டினால் ஆள் சாகலாம் என்று தெரிந்தே ஓட்டினார் என்று நீதிமன்றம் முடிவுக்கு வந்தால் அது கொலையாகாத மரணம் விளைவித்தல்; பத்து ஆண்டு வரை போகும். மும்பை பாந்த்ராவில் 2006 நவம்பரில் நடைபாதையில் தூங்கிய தொழிலாளர்கள்மீது கார் ஏறி ஏழு பேர் இறந்த வழக்கில், வெறும் கவனக்குறைவு என்ற வாதத்தை 2012ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

அபராதம் கட்டியவர்கள் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நாள் கழித்துப் பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு சலான் முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். நிலுவை என்று காட்டினால் நீதிமன்ற ரசீதோடு, வழக்குப் போட்ட ஸ்டேஷனுக்குப் போய்ச் சரிசெய்யச் சொல்லுங்கள். வண்டியை விற்கப் போகும்போதோ பேர் மாற்றும்போதோ தெரிய வந்தால் அலைச்சல் இரட்டிப்பு.